அறியாமையும் பொறுப்பும்: வேலணைக் கிணற்று நீரை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

தெரியாமல் இழைக்கப்பட்ட தீங்குக்கு ஒருவர் எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். அன்றாட வாழ்விலே "தெரியாமற் செய்துவிட்டேன்" என்னும் சொல்லுக்கு நாம் பெருமதிப்பு அளிக்கிறோம். அதைக் கேட்டதும் சினம் தணிகிறது, தண்டனை குறைகிறது. ஆயின் அறியாமை எல்லாம் ஒரே தன்மையினதன்று. அறிய வழியே இல்லாத அறியாமை ஒருவகை. அறிய வழியிருந்தும், அறிந்தால் ஏதேனும் செய்ய வேண்டி வருமே என்று தவிர்க்கப்படும் அறியாமை வேறொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குத் தீவகத்தின் கிணற்று நீரைப்போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. வேலணையையும் அதனை அடுத்த ஊர்களையும் வாழவைக்கும் நிலத்தடி நீரின் தரத்தைத் தொடர்ந்து அளந்தறிதல் அறிவியலாருக்கு மட்டும் உரிய தொழிலா, அன்றி நம் எல்லோருக்கும் உரிய அறக்கடமையா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வேலணையில் ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறெனச் சொல்லத்தக்கது வேறில்லை. குடாநாட்டினதும் தீவகத்தினதும் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, கல்லின் வெடிப்புகளூடாகவும் மணலூடாகவும் கீழிறங்கி, கடலிலிருந்து நிலத்தினுட் புகுந்துள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியிலும் சற்றுக் குறைவு என்பதே இதற்குக் காரணம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் விளக்கிய விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின் அம்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இவ்விதியின் மறுபுறமே நம்மை அச்சுறுத்துவது. மேலே 1 அடி குறையுமாயின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் அருகி, அவ்விடத்தை உவர்நீர் கொள்ளும்.

"இறைக்கிற கிணறு ஊறும்" என்பது நம் முதியோர் வாக்கு. உழைப்பையும் ஈகையையும் போற்றும் அவ்வாக்கு துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்துக்கு முற்றிலும் பொருந்தியது. மனிதக் கையின் வலு இறைப்புக்கு ஓர் எல்லை வகுத்திருந்தது. நீர்ப்பம்பி வந்தபின் அவ்வெல்லை அகன்றது. தீவின் கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து, கீழிருக்கும் உவர்நீர் கூம்புபோல் எழுந்து கிணற்றை அடைகிறது. அப்பொழுதும் கிணறு ஊறத்தான் செய்கிறது. ஊறுவது நன்னீராக இருப்பதில்லை. இம்மாற்றம் ஒரு நாளில் நிகழ்வதன்று. ஒரே கிணற்றை மாரிக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும் அளந்து வருபவருக்கே அது புலப்படும். ஒருமுறை மாத்திரம் செய்யப்படும் பரிசோதனை அன்றைய நிலையைச் சொல்லும். நீர் எத்திசையிற் சென்றுகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. கண்காணிப்பு என்னும் சொல்லின் முழுப்பொருள் இத்தொடர்ச்சியிலேதான் இருக்கிறது.

நம் முன்னோர் நீரைக் கண்காணிக்காதிருந்தனர் என்று கூறுவது பிழையாகும். அவர்களுக்கு நா இருந்தது. இது நல்ல தண்ணீர், இது சவர்த் தண்ணீர், இது குளிக்க மட்டும் உதவும் என்று கிணறுதோறும் அவர்கள் வகுத்து வைத்திருந்தனர். வேலணையின் சாட்டிப் பகுதி நன்னீருக்குப் பெயர்பெற்றதும் அவ்வகையான பட்டறிவினாலேயே. ஆயின் நாவின் ஆட்சி உப்போடு முடிந்துவிடுகிறது. மலசலகூடக் குழியிலிருந்து கசிந்து வரும் நுண்ணுயிரை நா அறியாது. வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றுக்கு மிகையாக இடப்படும் உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் வடிந்திறங்கும் நைத்திரேற்றையும் நா அறியாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் மழைநீரை விரைவாக உள்வாங்குவதுபோலவே இவற்றையும் விரைவாக உள்வாங்குகின்றன. மணலும் களியும் செய்யும் வடித்தலைக் கல்வெடிப்புகள் செய்வதில்லை.

நைத்திரேற்றின் கேடு 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவரான கொம்லி என்பவரால் எடுத்துக்காட்டப்பட்டது. கிணற்று நீரிற் கரைத்த பால்மாவைக் குடித்த பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை அவர் ஆராய்ந்து, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்ததற்கு அந்நீரின் நைத்திரேற்றே காரணமென விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதை நைத்திரேற்றுக்குரிய எல்லையாக வகுத்திருக்கிறது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980 களிலேயே ஆய்வாளர் பதிவுசெய்தனர். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிரைக் கொல்லும் பொருட்டு நீரைக் கொதிக்கவைக்கும் தாய் நற்செயலே செய்கிறாள். ஆயினும் கொதித்தலால் நைத்திரேற்று நீங்குவதில்லை; நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்கிறது. அன்பும் கவனமும் நிறைந்த செயல்கூட அறிவின் துணையின்றித் தீங்காக முடியலாம் என்பதற்கு இதனிலும் துயரமான சான்று தேவையில்லை.

இத்தாயை நாம் குறைகூற இயலாது. அவளது அறியாமை முதல்வகையைச் சேர்ந்தது. ஆனால் அளக்கும் கருவியும் அளந்த முடிவும் ஒரு சமூகத்தின் கைக்கு எட்டியபின் அச்சமூகத்தின் அறியாமையையும் அவ்வகையிற் சேர்க்கலாமா? கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்ரோட்டில், தன் அறியாமைக்குத் தானே காரணமாயிருப்பவன் அவ்வறியாமையைக் காட்டித் தப்ப முடியாது என்று கருதினார். குடிவெறியிற் குற்றம் இழைப்பவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆங்கில அறிஞர் கிளிபோட் 1877 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு கப்பற் சொந்தக்காரனைப் பற்றிப் பேசுகிறார். தன் கப்பல் பழுதுற்றிருக்கலாம் என்னும் ஐயம் அவனுக்கு எழுகிறது. சோதித்தாற் செலவாகும். முன்பு எத்தனையோ பயணங்களை இக்கப்பல் நன்றாக முடித்ததே என்று தன்னைத் தேற்றி, உண்மையாகவே நம்பிக்கை கொண்டு, பயணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பியது மெய்யாயினும் அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்பது கிளிபோட்டின் முடிவு. கப்பல் மூழ்காமற் கரைசேர்ந்திருந்தாலும் அவனது குற்றம் குறைந்திராது என்றும் அவர் சொல்கிறார். "எங்கள் பாட்டன் குடித்த கிணறு, எங்களுக்கு என்ன வந்தது?" என்று கூறும் நாம் அக்கப்பற் சொந்தக்காரனுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கப்பலுக்கும் கிணற்றுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கப்பல் ஒருவனுடையது. கிணற்றைப் பற்றி அவ்வாறு சொல்வது எளிதன்று. நம் காணி உறுதிகளிலே கிணறும், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் தெளிவாக எழுதப்படுகின்றன. பங்குக் கிணற்றில் யாருக்கு எந்நாள் இறைப்பு முறை என்பதுகூட வரையறுக்கப்பட்டிருக்கும். இவ்வளவு நுட்பமான உரிமை எண்ணம் கிணற்றின் கட்டோடும் துலாவோடும் நின்றுவிடுகிறது. கிணற்றின் அடியில் ஊறும் நீர் எவருடைய வேலிக்கும் கட்டுப்பட்டதன்று. ஒருவர் வளவிற் குழி வெட்டினால் அயலவர் கிணறு மாசுறுகிறது. ஒருவர் தோட்டத்தில் மிகையாக இறைத்தால் மற்றவர் கிணறு உவர்க்கிறது. எனவே என் கிணற்று நீரைப் பற்றிய அறிவு என் தனிச்சொத்தாக இருக்க இயலாது. நீர் பொதுவாயின் நீரைப் பற்றிய உண்மையும் பொதுவாதல் வேண்டும்.

அறிதலின் கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பங்களாதேஷின் வரலாறு கடுமையாகக் கேட்டுவைத்தது. குளத்து நீராலும் ஆற்று நீராலும் பரவிய வயிற்றுநோய்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடு 1970 களில் யூனிசெப் முதலிய அமைப்புகளின் ஆதரவுடன் அங்கு பெருந்தொகையான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. நுண்ணுயிர் இல்லாத அந்நீரில் மண்ணுக்கே இயல்பான ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்திருந்தது. 1993 இல் அது அந்நாட்டில் உறுதிப்படுத்தப்பட்டபோது கோடிக்கணக்கான மக்கள் அந்நீரை அருந்திக்கொண்டிருந்தனர். 1992 இல் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் அந்நாட்டின் கிணறுகள் சிலவற்றின் நீரை ஆராய்ந்திருந்தது. பல மூலகங்களை அளந்த அவ்வாய்வு ஆசனிக்கை அளக்கவில்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் இலண்டன் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்துக்கு அம்மக்களின் நீர் வழங்கலின் மேல் எவ்வித கட்டுப்பாடும் இருக்கவில்லை. ஆதலால் அவர்கள்பால் சட்டக்கடமையும் இல்லை என்று 2006 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது.

சட்டத்தின் நோக்கில் அத்தீர்ப்பு பொருத்தமானதாக இருக்கலாம். ஆய்வு செய்தவர் ஒவ்வொருவரையும் அவர் செய்யாதுவிட்ட அனைத்துக்கும் பொறுப்பாக்கினால் ஆய்வு செய்யவே எவரும் முன்வரார். ஆயின் அறத்தின் எல்லை சட்டத்தின் எல்லையோடு முடிவதில்லை. கிணறு தோண்டியவர் "நீரைச் சோதிப்பது என் வேலையன்று" என்றார். சோதித்தவர் "ஆசனிக்கைத் தேடுவது என் வேலையன்று" என்றார். குடித்தவருக்கோ தேடும் வழி இருக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியும் நேர்மையாக இருந்தும் சங்கிலி முழுவதும் தீங்காக முடிந்தது. நம் ஊர்களிலும் பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, விவசாயத் திணைக்களம், பல்கலைக்கழகம் என்று பலர் நீரோடு தொடர்புற்றிருக்கின்றனர். பலர் இருப்பதே ஒருவரும் இல்லாமைக்குக் காரணமாகிவிடக் கூடாது.

இதற்கு அயலிலேயே ஒரு பாடம் உண்டு. சுன்னாகத்திலே மின்நிலையச் சூழலில் உள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அது பெரும் மக்கள் போராட்டமாயிற்று. வெவ்வேறு தரப்பினரின் அறிக்கைகள் ஒன்றோடொன்று உடன்படவில்லை. எந்த அறிக்கையை நம்பித் தண்ணீர் குடிப்பது என்று மக்கள் திகைத்தனர். 2015 இல் தாக்கலான அடிப்படை உரிமை வழக்கொன்றில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனப் பணித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவைச் சுமத்தல் வேண்டும் என்னும் கொள்கை இதன்மூலம் வலுப்பெற்றது. எனினும் தீங்கு நிகழ்வதற்கு முன்னரே அக்கிணறுகளின் நீர் ஆண்டுதோறும் அளக்கப்பட்டுப் பகிரங்கமாகப் பதியப்பட்டிருந்தால், எப்பொழுது மாறியது, எவ்வளவு மாறியது என்னும் வினாக்களுக்கு விடைகாண இத்தனை ஆண்டுகள் சென்றிரா. அறிக்கைகள் மோதும்போது தீர்ப்பளிக்க வல்லது பழைய பதிவேடு ஒன்றே. அது இல்லாதவிடத்து ஏழையின் முறைப்பாடு வெறும் முறைப்பாடாகவே நின்றுவிடுகிறது.

இவ்வாறு கூறுமிடத்து எழக்கூடிய மறுப்புகளை நாம் புறக்கணித்தல் தகாது. "அறிந்து என்ன செய்வது?" என்பது முதல் மறுப்பு. வேறு நீர் கிடையாத ஒரு குடும்பத்திடம் உங்கள் நீர் தீயது என்று சொல்வது துன்பத்தின் மேல் அச்சத்தையும் ஏற்றுவதாகாதா? இம்மறுப்பு இரக்கத்திலிருந்து பிறப்பது, ஆதலால் மதிக்கத்தக்கது. ஆனால் மாற்று எதுவுமே இல்லாத நிலை மிக அரிது. பச்சிளங் குழந்தைக்கு மட்டும் வேறு கிணற்று நீரைக் கொண்டுவரலாம், தாய்ப்பாலை நீடிக்கலாம், நுண்ணுயிருள்ள நீரைக் கொதிக்கவைக்கலாம், புதிய குழியைக் கிணற்றிலிருந்து தொலைவில் வெட்டலாம், இறைப்பைக் குறைக்கலாம். இவை ஒன்றும் இயலாதவிடத்தும் உரியவரிடம் சென்று நீர் கேட்பதற்கான சான்றாக அவ்வளவீடு அமைகிறது. சொல்லாது விடுபவர் அக்குடும்பத்தின் அமைதியைக் காப்பதாக நினைக்கிறார். உண்மையில் தாம் ஒன்றும் செய்ய வேண்டாத தமது அமைதியையே அவர் காக்கிறார்.

இரண்டாவது மறுப்பு மானத்தையும் காணி விலையையும் பற்றியது. நம் சமூகத்திலே காணி பெரும்பாலும் சீதனமாகக் கைமாறுவது. நல்ல தண்ணீர்க் கிணறுள்ள வளவு என்பது ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சிலேயே இடம்பெறும் செய்தி. அக்கிணறு தீயதென வெளிப்பட்டால் அக்குடும்பம் இழப்பது பெரிது. இவ்விழப்பு மெய்யானதே. ஆயினும் மறைக்கப்பட்ட குறை அழிவதில்லை. அது அடுத்தவருக்குக் கைமாறுகிறது. சீதனக் காணியில் அதனைப் பெறுபவர்கள் சொந்த மகளும் பேரப்பிள்ளைகளுமே. மூன்றாவது மறுப்பு, குழாய் நீர் வந்துவிட்டால் கிணற்றைப் பற்றிய கவலை எதற்கு என்பது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடாநாட்டுக்கு வழங்கும் தாளையடி நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது பெருமகிழ்ச்சிக்குரியது. எனினும் குடிக்காத கிணறு கவனிக்கப்படாத கிணறாகும் ஆபத்து அங்கேயே தொடங்குகிறது. தோட்டமும் கால்நடையும் குழாய் எட்டாத வீடுகளும் அந்நீரையே நம்பியிருக்கும். 1990 இன் பின் நிகழ்ந்த இடப்பெயர்வுகளாலும் புலப்பெயர்வாலும் உரிமையாளர் இல்லாது கிடக்கும் வளவுகள் தீவகத்திற் பல. அவற்றின் கிணறுகளை எவரும் இறைப்பதில்லை, எவரும் பார்ப்பதுமில்லை. ஆனால் அவற்றின் கீழிருக்கும் நீரும் நம் நீரே.

இனி, நம் சமூகத்துக்கே சிறப்பாக உரிய ஒரு வினாவுக்கு வருவோம். நாம் கிணறுகளைக் கண்காணித்தோம் என்பது உண்மை. எதனைக் கண்காணித்தோம் என்பதே கேள்வி. யார் கிணற்றுக் கட்டில் ஏறுகிறார், யார் கை பட்டையைத் தொடுகிறது, யார் ஒதுங்கி நின்று பிறர் வார்க்கும் நீருக்குக் காத்திருக்க வேண்டும் என்பவற்றையே தலைமுறை தலைமுறையாகக் கண்விழித்துப் பார்த்துவந்தோம். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட நேர்ந்தது இக்கொடுமையின் காரணமாகவே. இல்லாத தீட்டைத் தேடுவதற்கு நமக்கு நேரமும் ஊக்கமும் இருந்தன. உள்ள மாசைத் தேடுவதற்கு இருக்கவில்லை. ஒரு மனிதரின் கைபட்டு நீர் கெடுவதில்லை என்பதை எந்த ஆய்வுகூடமும் காட்டும். உயர்ந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவரின் வளவுக் குழியிலிருந்து அவர்களது கிணற்றுக்கே நுண்ணுயிர் செல்லும் என்பதையும் அதே ஆய்வுகூடம் காட்டும். இவ்வகையில் நீரை அளத்தல் ஒரு பொய்யான தூய்மையை நீக்கி மெய்யான தூய்மையை அறிமுகப்படுத்தும் செயலுமாகும்.

இக்கருத்தை மேலும் ஒருபடி கொண்டுசெல்லலாம். பங்களாதேஷில் 1990 களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க் கிணறுகள் சோதிக்கப்பட்டு, ஆசனிக்கு எல்லைமீறிய கிணறுகளுக்குச் சிவப்பு நிறமும் ஏனையவற்றுக்குப் பச்சை நிறமும் பூசப்பட்டன. எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர். அதன்பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்க வேண்டியது. பெருஞ்செலவான திட்டங்கள் வருமுன்னரே, சிவப்புக் கிணற்றுக்காரர் பலர் அயலிலுள்ள பச்சைக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தனர். நச்சுநீரிலிருந்து மிகுந்த தொகையினரைக் காத்த வழிகளுள் இவ்வாறு அயலவர் கிணற்றைப் பகிர்ந்தமையும் முதன்மையானது. இதே நிறங்கள் நாளை வேலணையிலோ புங்குடுதீவிலோ பூசப்படுமாயின், பச்சைக் கிணற்றின் படலை எல்லோருக்கும் திறக்கப்படுமா? அளவீடு நம்முன் வைக்கும் உண்மையான சோதனை இதுவே. நீர் தீயது என்று கண்டபின் அரசை நோக்கிக் கோரிக்கை விடுப்பது நியாயமானது. அக்கோரிக்கை நிறைவேறும்வரை அயலவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது அதனினும் நெருங்கிய வினா.

அளவீடு என்றதும் பெரும் ஆய்வுகூடங்களை நினைத்து மலைக்க வேண்டியதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி அதன் உவர்த்தன்மையை உடனே காட்டிவிடும். நைத்திரேற்றை அண்ணளவாகக் காட்டும் தாள்கள் உண்டு. 1982 இல் இந்திய ஆய்வாளர் வெளியிட்ட ஐதரசன் சல்பைட்டு முறையில், சிறு போத்தலிலுள்ள தாளின் மேல் நீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்புள்ள நீர் ஓரிரு நாளிற் கறுத்துவிடும். பாடசாலை மாணவரும் செய்யத்தக்க இவை ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஈடாகா. எங்கே ஆய்வுகூடத்தை அழைக்க வேண்டும் என்பதைச் சுட்டுவதற்குப் போதியவை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் குறித்த கிணறுகளில் இவற்றைச் செய்து, ஊர் நூலகத்திலோ சனசமூக நிலையத்திலோ எவரும் பார்க்கும்படி ஒரு பதிவேட்டை வைத்தால், பத்தாண்டுகளில் அவ்வூர் தன் நீரின் வரலாற்றைத் தானே எழுதியதாகும். அறிவியற் பீடத்தார் அளவை முறையைக் கற்பிக்கலாம். கலைப்பீடத்தாரான நமக்கும் அங்கே வேலை உண்டு. முடிவுகளை மக்கள் மொழியில் அச்சமூட்டாமலும் மறைக்காமலும் எடுத்துரைப்பதும், யாருடைய மானமும் புண்படாமல் உண்மையைப் பொதுவாக்கும் முறையை வகுப்பதும் மொழியும் சமூகமும் அறிந்தோர் செய்யவேண்டியவை.

தொகுத்து நோக்கின், அறியாமை மன்னிக்கத்தக்கது என்னும் கொள்கை, அறிய முயன்றும் இயலாதவருக்கே உரியது என்பது புலனாகும். நாவால் அறிந்த காலத்தில் நாவின் எல்லையே பொறுப்பின் எல்லையாயிருந்தது. கருவி கைக்கு வந்தபின் பொறுப்பின் எல்லையும் விரிந்துவிட்டது. அளத்தல், அளந்ததை வெளியிடல், வெளியிட்டபின் நல்ல நீரைப் பகிர்தல் ஆகிய மூன்றும் ஒரே கடமையின் மூன்று படிகள். முதற்படியோடு நிற்பவர் ஆய்வாளராகலாம். மூன்றாம் படிவரை செல்லும் ஊரே அறமுடைய ஊராகும். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வானம் ஆண்டுக்கு மூன்று மாதம் நமக்குத் தருவதைக் கல்லும் மணலும் எஞ்சிய ஒன்பது மாதமும் காத்துவைக்கின்றன. காத்துவைக்கப்பட்டது எந்நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதாவது நம் பங்காக இருக்க வேண்டாமா?